கம்பெனிக்காரன் கட்டி வைத்த குதிரைகள்

"கம்பெனிக்காரன் கட்டிப் போட்டிருக்கானுங்ணா. நாம அவுத்து உடறோம், அவ்ளோதான்." கோவையில் ஒரு டியூனிங் கடையில், என் இசுசு வி-கிராஸ் பிக்கப்பின் ஸ்டியரிங்குக்குக் கீழே லேப்டாப் கேபிளைச் செருகிக்கொண்டே அந்தப் பையன் சொன்னது இது. சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தான். எனக்குத்தான் அந்தப் பேச்சு மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. கம்பெனி எதற்காகக் கட்டிப் போட வேண்டும்? முழுக் காசையும் வாங்கிக்கொண்டு முக்கால் வண்டியைக் கொடுத்தானா? அப்படியானால் மிச்சக் கால்வாசியை யாருக்காக எடுத்து வைத்திருக்கிறான்? அவன் சொன்னது பொய்யில்லை. அடுத்த ஒரு மணி நேரத்தில், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல், வண்டியின் குணத்தையே மாற்றிக் காட்டினான். அதனால்தான் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

என்னுடையது பழைய 2.5 லிட்டர், பி.எஸ்.4 காலத்து இசுசு. 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவை). கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு ஷாஃப்ட்டும் உதிரிகளும்தான் பிழைப்பு. சாம்ராஜ்நகர் பக்கம் ஒரு வியாபாரிக்குச் சரக்கு கொண்டுபோவதற்கும், ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவதற்கும் ஒரே வண்டி. குறை என்று சொன்னால் ஒன்றுதான். 1,800 ஆர்.பி.எம். வரும்வரை என்ஜின் தூங்கும். அவிநாசி ரோட்டில் பஸ்ஸை முந்தலாம் என்று மிதித்தால், டர்போ விழித்துக்கொள்வதற்குள் எதிரில் லாரி வந்துவிடும். இந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் புலம்புவதுதான்.

டீசல் என்ஜினில் சக்தி என்பது பெரும்பாலும் எவ்வளவு டீசலைப் பீய்ச்சுகிறோம் என்பதுதான். இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கிற பொதுக்குழாயான காமன் ரெயிலின் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றுவது, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டுவது, டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டைக் கூட்டுவது, டார்க் லிமிட்டரைத் தூக்கிவிடுவது, இதெல்லாம் சேர்ந்ததுதான் 'ஸ்டேஜ் ஒன்'. கூடவே இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இவ்வளவு காற்றுக்கு இவ்வளவுக்கு மேல் டீசல் கூடாது, மீறினால் புகை தள்ளும் என்று என்ஜினை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டரான இ.சி.யு.வுக்குள் எழுதி வைத்திருப்பார்கள். அதையும் கொஞ்சம் தளர்த்துவார்கள். 20, 25 சதவீதம் கூடும் என்பது கடைக்காரர்கள் எல்லாரும் சொல்கிற கணக்கு. மிதித்துப் பார்த்தவரையில் எனக்கும் அது மிகையாகத் தெரியவில்லை. கேபிளும் லேப்டாப்பும் இல்லாமல், ரெயில் சென்சாரின் வயரில் செருகுகிற டியூனிங் பாக்ஸ் என்று ஒன்று விற்கிறது. அழுத்தம் குறைவாக இருப்பதாக இ.சி.யு.விடம் பொய் சொல்லி, அதையே அழுத்தத்தை ஏற்ற வைக்கிற டப்பா. அதன் பக்கமே நான் போகவில்லை. பொய்க்கணக்கில் ஓடுகிற எந்த மெஷினையும் நம்பி எனக்குப் பழக்கமில்லை.

சீல் வைத்த ஸ்குரூ

அவிழ்த்து விடுகிற இந்த வேலை நமக்குப் புதிதல்ல. சித்தப்பா சங்ககிரியில் லாரி வைத்திருந்தார், ஆறு சிலிண்டர் டாட்டா. பள்ளிக்கூட லீவில் அவருடன் டீசல் பம்பு கடைக்குப் போவேன். அந்தக் காலத்தில் பம்பு என்றாலே மைக்கோதான். போஷ் என்ற பேர் பிற்பாடு வந்தது. பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி மோட்டாரால் சுற்றவிடுவார்கள். எதிரில் ஆறு கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு நாசிலும் பீய்ச்சுகிற எண்ணெய் அதனதன் குழாயில் ஏறும். ஆறும் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை பம்புக்காரர் விடமாட்டார். ஒன்று ஒரு நூல் தாழ்ந்திருந்தாலும் நிறுத்திவிட்டு, ஸ்பேனரால் மயிரிழை திருப்பி, குழாய்களைக் கவிழ்த்துக் காலி செய்துவிட்டு மறுபடி ஓட்டுவார். கடைசியில் டீசலின் உச்ச அளவைத் தீர்மானிக்கிற ஸ்குரூவில் கம்பியைக் கோத்து ஈய வில்லையை நசுக்கி சீல் வைப்பார்.

ஆனால் அந்தக் கடையில் நான் வேடிக்கை பார்த்தது பம்பை மட்டுமல்ல. சித்தப்பா, "மைலேஜ் வரோணுங்க, டீசலைக் கொறச்சு வைங்க" என்பார். அவருக்குப் பின்னால் நிற்கிற டிரைவர் கண்ணாலேயே கெஞ்சுவார். தனியாகப் பிடித்து, "ஏனுங்க, தொப்பூர் ஏத்தத்துல இழுவையே இல்லீங்க, பின்னாடி வர்றவனெல்லாம் ஆரன் அடிச்சே கொல்றானுங்க" என்பார். பம்புக்காரர் இரண்டு பேரிடமும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, இருவருக்கும் நடுவே ஓரிடத்தில் வைத்து சீல் அடிப்பார். அந்த சீல் எத்தனை நாள் தாங்கும் என்பது டிரைவர் எந்த ஊரில் எந்த மெக்கானிக்கைத் தெரிந்து வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. மலை ஏறும்போது லாரி கக்குகிற கறுப்புப் புகையைப் பார்த்தே, இது முதலாளி வைத்த செட்டிங்கா, டிரைவர் வைத்த செட்டிங்கா என்று சொல்லிவிடலாம்.

டியூனிங் கடைப் பையன் பிறப்பதற்கு முன்னாலேயே நடந்த கதை இது. லேப்டாப்தான் புதுசு.

யாருக்காகக் கட்டினான்?

கட்டிப் போடுவது உண்மைதான் என்பதற்கு ஆதாரம் தேடி எங்கும் போக வேண்டாம், விலைப்பட்டியலிலேயே இருக்கிறது. 2022-இல் வந்த ஸ்கார்ப்பியோ-என் டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். 2.2 லிட்டர் என்ஜின்தான். கீழ் வேரியன்ட்டில் 132 பி.எஸ். (குதிரைத்திறனின் இன்னொரு அளவு), மேல் வேரியன்ட்டில் 175 பி.எஸ். அந்த 175-இலும் மேனுவல் கியருக்கு 370 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்குக்கு 400. முதல் வித்தியாசத்தில் வியாபாரம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது வித்தியாசத்தில் கியர்பாக்ஸ் இருக்கிறது என்பது என் எண்ணம். அமெரிக்காவிலும் இதே கதை உண்டு, தலைகீழாக. 1994-இல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ், மேனுவல் வண்டியில் 175 குதிரை, ஆட்டோமேட்டிக்கில் 160. அதில் இருந்த போஷ் பி7100 பம்பு, நம் லாரிக்காரர்கள் பார்த்த பம்பின் ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. உள்ளே இருக்கிற ஒரு தகட்டைத் தேய்த்தோ மாற்றியோ, கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றியோ அங்கே பையன்கள் வீட்டு வாசலிலேயே இழுவையை ஏற்றினார்கள். அந்தக் கம்மின்ஸ் எவ்வளவு கொடுத்தாலும் தாங்கியது. முதலில் கைவிட்டது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கம்பெனி எதற்குக் குறைத்து வைத்தது என்பது அப்போதுதான் பலருக்குப் புரிந்திருக்கும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு. என் வண்டியை விற்ற அதே இசுசு, இங்கே எஸ்-கேப் என்று சரக்கு பிக்கப்பும் விற்றது. அதுவும் 2.5 லிட்டர் டீசல், ஆனால் பழைய தலைமுறை என்ஜின். 78 பி.எஸ்., 176 நியூட்டன் மீட்டர். சொகுசு பார்க்கிற வண்டிக்கு 134 குதிரை. மூட்டை சுமக்கிற வண்டிக்கு அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. மஹிந்திராவின் பொலிரோ பிக்கப்பும் இதே வழிதான். 2,523 சி.சி. என்ஜினில் 70, 80 குதிரை. பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றுகிறவனுக்கும் ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றுகிறவனுக்கும்தான் சக்தி அதிகம் வேண்டும் என்று நாம் நினைப்போம். வண்டியைச் செய்கிறவன் நேர்மாறாக நினைக்கிறான். இந்த வண்டியில் எழுதிய பாரத்துக்கு ஒன்றரை மடங்கு ஏற்றுவார்கள், மே மாத வெயிலில் மலை ஏற்றுவார்கள், ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்ததைப் பார்க்க மாட்டார்கள், ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவார்கள். அத்தனைக்கும் பிறகு அது ஊர் வந்து சேர வேண்டும். அதனால் குறைவாகக் கொடு, நிறைய நாள் ஓடட்டும் என்கிறான்.

இதைப் படிக்கிறவர்களைவிட எனக்கு இது உறைக்கக் காரணம், நானும் ஒருவகையில் கம்பெனிக்காரன்தான். பட்டறையில் ஷாஃப்ட் கடையும்போது கணக்குப்படி வருகிற விட்டத்துக்கு நான் கடைவதில்லை. வாங்கப்போகிற விவசாயியின் போர்வெல்லில் மணல் வருமா, ராத்திரி மும்முனை மின்சாரம் வரும்போது வோல்டேஜ் குறைந்து மோட்டார் திணறுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஆளுக்காகக் கொஞ்சம் தடிமன் விடுகிறேன். ஒருத்தர் வந்து, "இந்தத் தடிமன் வேஸ்ட்டுங்க, கொஞ்சம் கடைஞ்சு எடுத்தா எடை குறையும்" என்றால் கணக்குப்படி அவர் சொல்வது சரி. ஆனால் அது வேஸ்ட் இல்லை. எப்போதோ வரப்போகிற ஒரு மோசமான நாளுக்கான ஒதுக்கீடு அது. டியூனிங் பையன் 'கட்டிப் போட்டது' என்று சொன்னதும் இதே ஒதுக்கீட்டைத்தான்.

திம்பம்

மேப்பை, அதாவது இ.சி.யு.வில் எழுதுகிற புதுக் கணக்கை, ஏற்றுவதற்கு முன்னாலேயே ஒரு காரியம் செய்திருந்தேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், டர்போவுக்கு முன்னால், புகையின் சூட்டைப் பார்க்க ஒரு கேஜ். டாஷ்போர்டில் இருக்கிற டெம்பரேச்சர் முள் கூலன்ட்டின் சூட்டைத்தான் காட்டும். அது நகர்வதற்குள் உள்ளே என்னென்னவோ நடந்து முடிந்திருக்கும். என்ஜினை ஓடவிட்டுக்கொண்டே துளை போட்டால் இரும்புத்தூள் காற்றோடு வெளியே போய்விடும் என்று இணையத்தில் சொல்வார்கள். நான் மேனிஃபோல்டைக் கழற்றிப் பட்டறைக்கே கொண்டுபோனேன். வார்ப்பிரும்பு, டிரில் இறங்கும்போது சுருள் வராது, கறுப்பு மாவாகக் கொட்டும். அதில் ஒரு சிட்டிகை நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிற டர்பைன் இறக்கையில் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே, அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் துளை போட்டு, எட்டில் ஒரு அங்குல பைப் மரை போட்டு, ஏர் பிடித்து ஊதி, சூட்டை அளக்கிற தெர்மோகப்பிளை முறுக்கினேன். மேப் இல்லாமல் பல நாள் ஓட்டி, எங்கே எவ்வளவு ஏறுகிறது என்று மனதில் வாங்கிக்கொண்டேன். திம்பம் மலையில்கூட 600-ஐச் சுற்றித்தான் இருந்தது.

இந்தச் சூட்டுக்கு எல்லை என்று அமெரிக்க டீசல்காரர்கள் 1,250 முதல் 1,300 டிகிரி பாரன்ஹீட் வரை சொல்வார்கள். நம் கணக்கில் 680, 700 டிகிரி. பிஸ்டன் அலுமினியம், அலுமினியம் உருகுவது 660-இல். புகையின் சூடு அப்படியே பிஸ்டனின் சூடு ஆகிவிடாது. கீழிருந்து ஆயில் பீய்ச்சிக் குளிரவைக்கிறது, எரிவதும் கண்ணிமைக்கும் நேரம்தான். ஒரு நொடி 750 தொட்டால் ஒன்றும் ஆகாது. அங்கேயே நின்று விளையாடினால்தான் பிரச்சினை.

மேப் ஏற்றிய பிறகு சாம்ராஜ்நகருக்கு ஒரு பயணம். பின்னால் சரக்கு, கேபினில் அக்கா பையனும் அவன் நண்பர்களுமாக ஐந்து பேர். பண்ணாரி செக்போஸ்ட் தாண்டியதும் 27 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த வழியில்லை. மூன்றாவது கியர், 1,400 ஆர்.பி.எம். பழைய வண்டியாக இருந்தால் அந்த இடத்தில் உடம்பு குலுங்கும், கியர் லிவர் நடுங்கும், இரண்டாவதுக்கு மாற்றாமல் ஓர் அடி நகர முடியாது. இப்போது அப்படி எதுவும் இல்லை. மிதித்தால் போகிறது. "மாமா, செமயா இழுக்குதுங்க மாமா, மூணாவதுலயே ஏறுது பாருங்க" என்கிறான் பையன். நான் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 640. லாரி ஒரு வளைவில் திரும்பத் திணறி நின்று நகர்ந்தது. 690. அடுத்த ஏற்றம். 730. கூலன்ட் முள் பாதியில், அசையாமல் நிம்மதியாக இருந்தது. இரண்டாவதுக்கு இறக்கினேன். ஆர்.பி.எம். 2,300-ஐத் தாண்டியது, சத்தம் கூடியது, பையன் முகம் சுளித்தான். கேஜ் மளமளவென்று இறங்கி 640-க்குக் கீழே வந்து நின்றது. அதே மலை, அதே பாரம், ஏறக்குறைய அதே வேகம்.

விஷயம் எளிதானது. ஆர்.பி.எம். குறைவாக இருக்கும்போது டர்போவால் காற்றைத் தள்ள முடியாது. புது மேப் அங்கேயும் டீசலைத் தாராளமாகக் கொடுக்கிறது. காற்றுக்கு மிஞ்சிய டீசல் சூடாகவும் புகையாகவும் போகிறது. இரண்டாவது கியரில் காற்று நிறைய வருகிறது, சிலிண்டருக்கு ஒருமுறை பீய்ச்ச வேண்டிய டீசலும் குறைகிறது, சூடு இறங்குகிறது. புத்தகத்தில் இருக்கிற சங்கதிதான். ஆனால் புத்தகத்தில் இல்லாதது ஒன்றை அன்று பார்த்தேன். கம்பெனி மேப்பில் வண்டி திணறுமே, அந்தத் திணறல் டிரைவருக்கான தகவல். கியரை மாற்று, பாரம் அதிகம், அவசரப்படாதே என்று அது காலுக்கும் கைக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. டியூனிங் அந்த வாயை அடைத்துவிட்டது. கேஜ் இல்லாத ஒருத்தன் அன்று திம்பம் உச்சிவரை மூன்றாவதிலேயே, சந்தோஷமாக, 750-இல் போயிருப்பான். வருஷக்கணக்கில் அப்படியே போவான். என்றைக்கோ ஒருநாள் டர்போவோ பிஸ்டனோ போகும்போது, நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது என்பான்.

(காராப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் கரும்பு லாரிகளுக்காக ஒரு யானை காத்திருந்ததால் அரை மணி நேரம் நின்றோம். என்ஜின் ஆற நல்ல வாய்ப்பு.)

திரும்பி வந்து கடைப் பையனிடம், 1,800-க்குக் கீழே டீசலைக் குறைத்து எழுதித் தரச் சொன்னேன். "அப்ப பஞ்ச் போயிடுமேங்ணா" என்று வருத்தப்பட்டான். எழுதித் தந்தான். கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. அந்த மேப்பில் வண்டி அருமையாக இருந்தது.

வேகத்தின் விலை

டியூன் செய்கிற பாதிப் பேர் சொல்வது இழுவை, மனதுக்குள் இருப்பது வேகம். அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நெடுஞ்சாலை வேகத்தில் காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறும். 25 சதவீதம் சக்தி கூட்டினால் உச்சவேகம் 8 சதவீதம்கூடக் கூடாது. செங்கல் சூளைச் சுவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போகிற பிக்கப்புக்கு இதுதான் கிடைக்கும். நிற்பதற்கான கணக்கு வேறு. 80-இல் போவதை 100 ஆக்கினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 56 சதவீதம் கூடும். என் வண்டியில் பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக், லீஃப் ஸ்பிரிங். சரக்கு இல்லாதபோது பின்பக்கம் துள்ளும். அதை யாரும் ரீமேப் செய்து தருவதில்லை. கிளட்ச்சும் 320 நியூட்டன் மீட்டருக்காகச் செய்தது. நான்காவது கியரில் முழுசாக மிதித்தால் ஆர்.பி.எம். ஏறும், வண்டி ஏறாது, ஒரு கருகல் வாசம் வரும்.

சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கும் தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட என்று வைத்தது. சைலன்சர் மாதிரி ரீமேப் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். ஆர்.சி.யில் குதிரைத்திறன் என்று ஒரு கட்டம் இருக்கிறதே! விபத்து என்று வந்து இன்ஷூரன்ஸ்காரர் தோண்ட ஆரம்பித்தால் அந்தக் கட்டம் நினைவுக்கு வரும். பாலிசி புதுப்பிக்கும் சமயத்தில் ஒரிஜினல் ஃபைலையே திரும்ப ஏற்றிக்கொண்டேன். அவிநாசி ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டும்போதெல்லாம் அந்த மேப் ஞாபகத்துக்கு வரத்தான் செய்கிறது.

புகை

இவ்வளவும் என் என்ஜின், என் காசு, என் உயிர் சம்பந்தப்பட்டது. புகை அப்படியில்லை. அமெரிக்காவில் பிக்கப் டியூனிங் எங்கே போய் முடிந்தது என்று பார்த்தால் தெரியும். டி.பி.எஃப். என்கிற புகை வடிகட்டியையும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள் விடுகிற இ.ஜி.ஆரையும் கழற்றி எறிந்துவிட்டு, சைக்கிளில் போகிறவன் மேல் கரும்புகையை வேண்டுமென்றே அடிப்பதை ஒரு விளையாட்டாகவே ஆக்கினார்கள். 2009-க்குப் பிறகான பத்தாண்டில் 5,50,000-க்கும் அதிகமான டீசல் பிக்கப்களில் இப்படிக் கழற்றப்பட்டிருக்கிறது என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு 2020-இல் மதிப்பிட்டது. கூடுதலாகக் கலந்த மாசு, 90 லட்சம் பிக்கப்கள் புதிதாகச் சாலைக்கு வந்ததற்குச் சமமாம். கம்பெனிக்காரன் யோக்கியன் என்றும் சொல்வதற்கில்லை. ராம் பிக்கப்களில் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் வைத்ததாக வந்த வழக்கில், 2023 டிசம்பரில் கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே. கட்ட வேண்டியவனே அவிழ்த்து விட்டிருக்கிறான் என்றால் டியூனிங் பையனை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது? இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் டி.பி.எஃப். விஷயத்தில் எனக்குக் குழப்பமும் இல்லை. சரவணம்பட்டி சிக்னலில் டூவீலரில் குழந்தையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு நிற்கிறவருக்கு, என் வண்டியின் பஞ்ச்சில் ஒரு பங்கும் கிடையாது.

அக்கா பையன் இப்போது சொந்தமாக பி.எஸ்.6 வண்டி வாங்கிவிட்டான். போன மாதம் வந்து நின்றான். "டி.பி.எஃப். லைட் எரிஞ்சுட்டே இருக்குதுங்க மாமா. கழட்டிட்டு மேப் ஏத்துனா லைட்டும் வராது, இழுவையும் கூடும்ங்கறாங்க." வீட்டிலிருந்து கடைக்கு நாலு கிலோமீட்டர், கடையிலிருந்து வீட்டுக்கு நாலு கிலோமீட்டர், அவ்வளவுதான் அவன் ஓட்டுவது. அந்த வடிகட்டியில் சேருகிற கரியை எரிக்கப் புகை 550, 600 டிகிரிக்குச் சூடாக வேண்டும்; டவுன் பஸ் வேகத்தில் அது நடக்காது. கழற்ற வேண்டாம், முதலில் எங்கேயும் நிறுத்தாமல் சேலம் வரை ஒருமுறை போய்வா, ஆர்.பி.எம். 2,000-க்குக் கீழே விடாதே என்றேன். போய்விட்டு வந்தான். லைட் அணைந்துவிட்டது. ஆனாலும் டியூனிங் கடை நம்பர் வேண்டும் என்று நச்சரித்தான். டி.பி.எஃப். மேல் கை வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்திருக்கிறேன். கூடவே அவன் வண்டிக்கு ஒரு கிளட்ச் செட் என்ன விலை என்று ஸ்பேர்ஸ் கடையில் விசாரித்து அதையும் அனுப்பினேன். இரண்டு நாளாக போனில் சத்தமில்லை.